எந்தப் பரப்பு, எந்தக் கலோரி: வெப்பப் பாய அடர்த்தியின் அலகுகள்

ஏ.சி. வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது அறையின் நீள அகலத்தைத்தான். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால், "120 சதுர அடிக்கு ஒரு டன் போட்டுக்குங்க சார்" என்பார். அந்த வாய்க்கணக்குக்குள் ஒரு வெப்பப் பாய அடர்த்தி ஒளிந்திருக்கிறது. ஒரு டன் ஏ.சி. என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியே தள்ளக்கூடியது. அதை 120ஆல் வகுத்தால் ஒரு சதுர அடிக்கு மணிக்கு 100 பி.டி.யு. வரும். இந்த எண்ணை 3.1546ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 315 வாட்.

இனி வேறொரு எண். பகல், இரவு, துருவம், நிலநடுக்கோடு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் வளிமண்டலத்தின் உச்சியில் விழும் வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 340 வாட். இரண்டும் இவ்வளவு நெருங்கி வருவது தற்செயல். அதில் ஆழமான இயற்பியல் எதுவும் இல்லை. ஆனால் ஏ.சி. கடைக்காரரின் கணக்கையும் விண்வெளியில் சுற்றும் கருவியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறதே, அதற்காகத்தான் அலகு மாற்றம்.

மாற்றியதும் கேள்விகள் எழ வேண்டும், பெரும்பாலும் எழுவதில்லை. கடைக்காரர் வகுத்தது தரையின் பரப்பால். வெப்பமோ தரை வழியாக வருவதில்லை; கூரை, மேற்குச் சுவர், சன்னல், உள்ளே இருக்கும் ஆட்கள், டி.வி., ஃபிரிட்ஜ் என்று பல வழிகளில் வருகிறது. எனவே 315 என்பது எந்த ஒரு பரப்பையும் உண்மையில் கடந்து வந்த வெப்பம் அல்ல. அலகு சரி, பெருக்கல் சரி. ஆனால் எண் எதைச் சொல்கிறது என்பதை அலகு சொல்லவில்லை. வெப்பப் பாய அடர்த்தியை மாற்றுவதில் வரும் தொல்லைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். மாற்றக் காரணி தவறிப்போவது அபூர்வம். எந்தப் பரப்பு, எந்தக் கால அளவு, எந்தக் கலோரி, எந்தக் கருவி என்ற நான்கும் அலகுக் குறியீட்டில் எழுதப்படுவதில்லை. பிழை நுழைவது அந்த வாசல்களில்தான்.

முதலில் பெருக்கலையே ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிடலாம். வெப்பப் பாய அடர்த்தி என்பது ஒரு பரப்பை ஒரு வினாடியில் கடக்கும் வெப்ப ஆற்றலை அந்தப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. ஆற்றல், காலம், பரப்பு என மூன்று சங்கதிகள். ஒரு பி.டி.யு. 1,055.06 ஜூல். அதை ஒரு மணி நேரத்தின் 3,600 வினாடிகளால் வகுத்தால் 0.29307 வாட். ஒரு சதுர அடி 0.092903 சதுர மீட்டர்; அது பகுதியில் இருப்பதால் அதாலும் வகுக்க வேண்டும். விடை 3.1546. மாணவர்கள் சறுக்குவது இந்தக் கடைசிப் படியில்தான். வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிட்டால் 0.0272 என்று வரும். சரியான விடையைவிட 116 மடங்கு குறைவு. அவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும் என்று நினைக்கலாம். 315 வாட்டும் 2.7 வாட்டும் எப்படி இருக்கும் என்ற உணர்வு கையில் இல்லாதவருக்குப் படாது. அந்த உணர்வைத் தருவது சூத்திரம் அல்ல, பழக்கப்பட்ட சில எண்கள்: உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட், பூமிக்கு அடியிலிருந்து கசிந்து வரும் வெப்பம் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, கொதிக்கும் தண்ணீர் ஓர் உலோகப் பரப்பிலிருந்து எடுத்துச் செல்லக்கூடிய உச்ச வரம்பு ஏறத்தாழ பத்து லட்சம் வாட். இந்த மூன்றும் நினைவில் இருந்தால் 116 மடங்குப் பிழை தப்ப முடியாது.

ஏ.சி.யின் டன்னுக்கு இன்னொரு சேதியும் உண்டு. அது எடை அல்ல என்பது பலருக்குத் தெரியும். ஆனால் எடையிலிருந்து வந்ததுதான். 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டும்? பவுண்டுக்கு 144 பி.டி.யு. வீதம் 2,88,000 பி.டி.யு. அதை 24ஆல் வகுத்தால் மணிக்கு 12,000. ஐஸ் கட்டியை வாங்கிக் குளிரூட்டிய காலத்தில், புதிதாக வந்த இயந்திரம் எத்தனை டன் ஐஸுக்குச் சமம் என்று கேட்பது இயல்பான கேள்வி. கேள்வி மறைந்து நூறாண்டு ஆயிற்று, பதில் மட்டும் விளம்பரப் பலகையில் நிற்கிறது.

வெப்பத்தைப் பனிக்கட்டியால் அளப்பது ஐஸ் வியாபாரிகளின் கண்டுபிடிப்பு அல்ல. வெப்பப் பாய்வுக்கு முதன்முதலாக முறையான கணிதம் வகுத்த ஜோசப் ஃபூரியே, 1822இல் வெளியிட்ட வெப்பக் கோட்பாட்டு நூலில், ஒரு கிலோகிராம் பனிக்கட்டியைச் சுழியப் பாகையில் உருக்கத் தேவையான வெப்பத்தையே தம் அலகாக வைத்துக்கொண்டார். அதே நூலில் அவர் செய்த இன்னொரு காரியம் நமக்கு இன்னும் முக்கியமானது. நீள அலகை மாற்றினால், கால அலகை மாற்றினால், வெப்பநிலை அலகை மாற்றினால் ஒவ்வொரு அளவும் எந்தப் படியில் மாறும் என்று ஒரு பட்டியல் போட்டார். பொருளின் ஊடே கடத்தும் திறனில் நீளம் ஒரு படி கீழே. பரப்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் இரண்டு படி கீழே. இன்று பள்ளி இயற்பியலில் பரிமாணப் பகுப்பாய்வு என்று படிப்பதன் வேர் இங்கேதான். சதுர அடி ஏன் பகுதியில் போகிறது என்பதற்கு முதல் முறையான விடை ஒரு வெப்ப நூலில் வந்தது என்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே படும். நீளமும் எடையும் மாற்றிக் குழம்பாதவர்கூட வெப்பத்தில் குழம்புவார். அங்கே மூன்று நான்கு அலகுகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

அடுத்த தலைமுறையில் இரண்டு பேர் சூரியனை அளக்கப் புறப்பட்டார்கள். பிரான்ஸில் குளோது பூயே. நன்னம்பிக்கை முனையில் ஜான் ஹெர்ஷல். பூயேயின் கருவி எளிமையானது. கருமை பூசிய, தட்டையான ஒரு வெள்ளிப் பாத்திரம், உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு வெப்பமானி. ஐந்து நிமிடம் நிழலில் வைத்து வெப்பநிலையைக் குறிப்பது, ஐந்து நிமிடம் சூரியனுக்கு நேராகத் திருப்பிக் குறிப்பது, மீண்டும் ஐந்து நிமிடம் நிழல். நிழலில் இழந்ததையும் வெயிலில் பெற்றதையும் சேர்த்தால் உள்ளே வந்த வெப்பம் தெரிந்துவிடும்.

இந்தக் கருவியைப் பார்த்தாலே, சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு கலோரி என்ற அலகு எப்படிப் பிறந்தது என்பதும் விளங்கும். ஒரு சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரின் மேல் அந்த அளவு வெயில் விழுந்தால், பாத்திரம் தின்னும் வெப்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், தண்ணீர் நிமிடத்துக்கு ஒரு பாகை சூடேறும். ஒரு வெப்பமானி, ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம் போதும்; மாற்றக் காரணியே வேண்டாம். பழைய அலகுகளைக் குழப்பம் என்று கேலி செய்வது வழக்கம். அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கருவியின் பக்கத்தில் நின்றால் கச்சிதமாக இருந்தவை. கருவி மாறிய பிறகும் அலகு மாறாமல் நின்றதுதான் குழப்பம்.

பூயே 1838இல் அறிவித்த சூரிய மாறிலி, அதாவது வளிமண்டலத்துக்கு வெளியே நேராக விழும் வெயில், 1.7633 கலோரி, சதுர சென்டிமீட்டருக்கு, நிமிடத்துக்கு. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,230 வாட். இன்றைய மதிப்பைவிடப் பத்து சதவீதம் குறைவு. தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது பெரிய விஷயம்தான். குறைந்ததற்குக் காரணம் அலகு மாற்றம் அல்ல, வளிமண்டலம். வெயில் காற்றைக் கடக்கும்போது எல்லா அலைநீளங்களும் ஒரே விகிதத்தில் குறைகின்றன என்று வைத்துக்கொண்டு அவர் கணக்கிட்டார். புற ஊதாவிலும் அகச்சிவப்பிலும் சில பட்டைகளைக் காற்று மேலேயே விழுங்கிவிடுகிறது. தரையில் இருக்கும் கருவிக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது.

பொது வாசகருக்கு 1.7633 என்றால் என்ன புரியும்? அதனால் பூயே இன்னொரு வடிவிலும் சொன்னார்: ஓராண்டில் பூமி பெறும் வெயிலைப் பூமி முழுக்கச் சமமாகப் பரப்பினால், சுமார் 31 மீட்டர் தடிமனான பனிக்கட்டிப் போர்வை உருகும். கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். உருண்டையின் மேற்பரப்பு அதன் குறுக்கு வட்டத்தின் நான்கு மடங்கு; எனவே 1.7633ஐ நான்கால் வகுக்க வேண்டும். ஓராண்டின் நிமிடங்களால் பெருக்கினால், சதுர சென்டிமீட்டருக்கு 2,31,000 கலோரியைச் சற்றுத் தாண்டும். அன்றைய நூல்களில் பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 75 கலோரி. வகுத்தால் 3,090 கிராம்; தண்ணீராக வைத்துக்கொண்டால் 30.9 மீட்டர் உயரம். இன்று உள்ளுறை வெப்பம் 79.7 கலோரி, பனிக்கட்டி தண்ணீரைவிட இலேசானது, அடர்த்தி 0.917. இந்த இரண்டையும் திருத்தினால் 31.7 மீட்டர். இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் இழுத்து ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிட்டன. இப்படி நடப்பது அதிர்ஷ்டமா ஆபத்தா என்று கேட்டால், ஆபத்து என்பேன். விடை சரியாகத் தெரிவதால் உள்ளே எந்தக் காரணி பழையது என்று யாரும் தேடுவதில்லை.

ஹெர்ஷல் பனிக்கட்டியை ஒரு முறையான அலகாகவே ஆக்கிவிட்டார். நேராக விழும் வெயில் ஒரு நிமிடத்தில் ஒரு மீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தடிமன் பனிக்கட்டியை உருக்கினால் அது ஓர் 'ஆக்டீன்'. இன்றைய எண்களில் பார்த்தால், ஒரு கன மீட்டர் பனிக்கட்டியை உருக்க 30.6 கோடி ஜூல் வேண்டும். எனவே ஓர் ஆக்டீன் சதுர மீட்டருக்கு 5.1 வாட். வளிமண்டலத்துக்கு வெளியே வெயில் சுமார் 267 ஆக்டீன். அலகு நிலைக்கவில்லை, இன்று வரலாற்று நூல்களில் மட்டும் இருக்கிறது. ஆனால் அதன் பின்னிருந்த யோசனை சாகவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பனிக்கட்டி போய்க் கலோரி வந்தது. கலோரி ஒன்றல்ல. ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பம் என்றால், எந்தப் பாகையிலிருந்து என்ற கேள்வி வருகிறது. தண்ணீரின் வெப்ப ஏற்பு எல்லா வெப்பநிலையிலும் ஒன்றாக இல்லை. 14.5 பாகையிலிருந்து 15.5 பாகைக்கு ஏற்றும் கலோரி சுமார் 4.1855 ஜூல். வேதியியலார் வைத்துக்கொண்ட வெப்பவேதியியல் கலோரி சரியாக 4.184 ஜூல். நீராவிப் பொறியாளர்களின் பன்னாட்டு அட்டவணைக் கலோரி சரியாக 4.1868 ஜூல்.

கடைசி எண் சுவையானது. 1956இல் நீராவியின் பண்புகள் பற்றி லண்டனில் நடந்த பன்னாட்டு மாநாடு அதை நிலைநிறுத்தியது. 41,868 என்பது ஒன்பதால் மீதியின்றி வகுபடும், நான்காலும் வகுபடும். அதனால் 3,600 வினாடிகளால் வகுக்கும்போது, சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோகலோரி என்பது தசமம் நீளாமல் சரியாக 1.163 வாட். ஃபாரன்ஹீட் பாகை செல்சியஸ் பாகையில் ஒன்பதில் ஐந்து பங்கு. எனவே பவுண்டுக்கு ஒரு பி.டி.யு. என்பதும் சரியாகக் கிலோகிராமுக்கு 2,326 ஜூல். கொதிகலன் பொறியாளர்களின் கைக்கணக்கு சுத்தமாக முடிய வேண்டும் என்பதற்கேற்ப ஒரு மாறிலி வரையறுக்கப்பட்டிருக்கிறது. 1948இலேயே எடை அளவுகளுக்கான பொது மாநாடு வெப்பத்துக்கும் ஜூலே அலகு என்று முடிவு செய்துவிட்டது. அதற்கு எட்டாண்டு கழித்துக் கலோரிக்கு இன்னொரு புது வரையறை! பழக்கம் தீர்மானத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

4.184க்கும் 4.1868க்கும் வேறுபாடு 0.07 சதவீதம்கூட இல்லை. கொதிகலனுக்கு அது ஒன்றுமே இல்லை. சுவரில் படிந்த உப்பு அதைவிட நூறு மடங்கு வேறுபாட்டைத் தரும். சூரிய மாறிலியில் வைத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 0.9 வாட். பதினோர் ஆண்டுச் சூரியச் சுழற்சியில் சூரியனின் மொத்த ஒளிர்வு ஏறி இறங்குவது ஏறத்தாழ 0.1 சதவீதம், அதாவது ஒரு வாட்டுக்குச் சற்று மேல். எந்தக் கலோரி என்று எழுதாமல் விட்ட பழைய பதிவொன்றை வாட்டாக மாற்றி, அதைப் புதிய பதிவோடு ஒட்ட வைத்துச் சூரியன் மாறியிருக்கிறதா என்று தேடினால், தேடும் பொருளுக்கு நெருங்கிய அளவில் ஒரு போலியை நாமே உண்டாக்கியிருப்போம்.

இதைவிடப் பெரிய கோளாறு கருவிகளின் அளவுத்திட்டங்களில் இருந்தது. ஸ்வீடனின் ஓங்ஸ்ட்ரோம் கருவியை ஒட்டி 1905இல் ஒரு திட்டம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1913இல் இன்னொன்று. இரண்டும் எழுதியது ஒரே அலகில். ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அமெரிக்க எண் மூன்றரை சதவீதம் கூடுதலாக நிற்கும். 1956இல் ஒரு சமரசம் எட்டப்பட்டது: ஓங்ஸ்ட்ரோம் எண்களோடு 1.5 சதவீதம் கூட்டு, ஸ்மித்சோனியன் எண்களில் 2 சதவீதம் கழி. கலோரியிலிருந்து கலோரிக்கே ஒரு மாற்றக் காரணி! அலகு மாற்றப் பட்டியல்கள் எதிலும் இந்த வரி இருக்காது. அந்தக் காலத்து வெயில் பதிவுகளைத் தொடுகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய முதல் வரி இதுதான்.

சாமுவேல் லாங்லி 1881இல் கலிஃபோர்னியாவின் விட்னி மலையில் ஏறி, தாம் உருவாக்கிய போலோமீட்டரால் அளந்து, சூரிய மாறிலி ஏறத்தாழ 3 கலோரி என்றார். வாட்டில் 2,090, நிஜத்தைவிட ஒன்றரை மடங்கு. அவர் அளந்தது தவறவில்லை. அளந்ததற்கு மேல் வளிமண்டலத்துக்காகச் சேர்த்த திருத்தம் தவறு. ஆனாலும் நிறமாலை முழுவதையும் அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கும் வழியைத் திறந்தவர் அவரே. அவருக்குப் பின் சார்லஸ் ஆபட் பல பத்தாண்டுகள் உழைத்து 1.94 கலோரிக்குக் கொண்டுவந்தார். 1942இல் ஜெர்மானியர் ஃபிரான்ஸ் லிங்கே முன்மொழிந்த அலகுக்கு 1947இல் லாங்லியின் பெயர் நிலைத்தது: ஒரு லாங்லி என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வெப்பவேதியியல் கலோரி, அதாவது சதுர மீட்டருக்கு 41,840 ஜூல். கவனிக்க வேண்டியது, இதில் காலம் இல்லை. நிமிடத்துக்கு ஒரு லாங்லி 697.3 வாட், நாளுக்கு ஒரு லாங்லி 0.484 வாட். பழைய பதிவேட்டில் வெறும் '450 லாங்லி' என்று இருந்தால், அது ஒரு நாள் மொத்தம் என்று தெரிந்தவருக்கு மட்டுமே அந்த எண் பேசும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூரிய மாறிலி அலைந்த அலைச்சலை வேகமாகச் சொல்லிவிடலாம். 1954இல் ஜான்சன் ராக்கெட் அளவுகளையும் சேர்த்து 2.00 கலோரி, அதாவது 1,395 வாட் என்றார். 1971இல் தேக்கேக்கராவும் டிரம்மண்டும் 1,353 என்றார்கள், ஆபட்டின் 1.94க்கே திரும்பிவந்தது போலாயிற்று. பிறகு செயற்கைக்கோள்களின் காலத்தில் 1,365, 1,367 என்ற எண்கள் பாடநூல்களில் குடியேறின. 2003இல் ஏவப்பட்ட சோர்ஸ் செயற்கைக்கோளில் இருந்த கருவி அவற்றைவிடச் சுமார் ஐந்து வாட் குறைவாகக் காட்டியது. முதலில் புதிய கருவியைத்தான் சந்தேகித்தார்கள். சோதனைச்சாலையில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழைய கருவிகளில் ஒளி நுழையும் வாயிலின் அமைப்பால் சிதறிய ஒளியும் உள்ளே போய்ச் சேர்ந்தது தெரிந்தது. 2011இல் கிரெக் காப்பும் ஜூடித் லீனும் 1,360.8 என்ற எண்ணை வெளியிட்டார்கள். 2015இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1,361 என்று முழு எண்ணாக்கி ஏற்றுக்கொண்டது. இந்த ஐந்து வாட்டை எந்த மாற்றக் காரணியாலும் பிடித்திருக்க முடியாது. எல்லாரும் அதற்குள் ஒரே அலகுக்கு வந்துவிட்டார்கள்.

இந்தியாவின் வெயில் பதிவுகள் ஒழுங்காகத் தொடங்கியது 1957-58இல், பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி. வானிலைத் துறையில் அந்தக் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை அமைத்தவர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்து, லண்டனில் வானிலைக் கருவிகளைக் கற்று வந்தவர். தவறாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பது மேல் என்ற பிடிவாதம் அவருடைய வேலை முழுவதிலும் தெரிகிறது. வெளிநாட்டுக் கருவிகளை வாங்கி வைப்பதோடு நில்லாமல், இங்கேயே செய்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஏற்பாட்டை உண்டாக்கினார். 1980இல் வந்த அவருடைய இந்தியச் சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு, பிற்காலச் சூரிய மின் திட்டங்களுக்கு அடித்தளங்களில் ஒன்று.

இன்று வீட்டு மாடியில் சோலார் போடுகிறவர் கேட்கும் அலகு லாங்லியும் அல்ல, வாட்டும் அல்ல. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு இத்தனை யூனிட், அதாவது கிலோவாட் மணி. நாளுக்கு 5 யூனிட் விழும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அது 18 மெகாஜூல், 430 லாங்லி, 24 மணி நேரச் சராசரியில் 208 வாட். நான்கும் ஒன்றேதான். ஆனால் "208 வாட்" என்று மட்டும் கேள்விப்பட்டவர் பேனலே பயனில்லை என்று நினைத்துக்கொள்வார். "ஐந்து மணி நேர முழு வெயில்" என்று விற்பனையாளர் சொன்னால், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை இருக்கும் வெயிலில் மீதி ஏழு மணி நேரம் எங்கே போயிற்று என்று கேட்பார். இரண்டும் சராசரி எடுக்கும் காலத்தை மாற்றியதன் விளைவு. போதாததற்கு, தட்டையான தரையில் விழும் வெயில் வேறு, தெற்கு நோக்கிச் சாய்ந்த பேனலில் விழுவது வேறு, சூரியனுக்கு நேராகத் திருப்பிய பரப்பில் விழுவது வேறு. மூன்றுக்கும் அலகு ஒன்றுதான்.

ஹெர்ஷலின் யோசனை உயிரோடு இருப்பது வேளாண்மையில். ஒரு கிலோகிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2.45 மெகாஜூல் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோகிராம் தண்ணீர் என்றால் ஒரு மில்லிமீட்டர் உயரம். எனவே நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் ஆவியாதல் என்பது சதுர மீட்டருக்கு 28.4 வாட். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் 1998ஆம் ஆண்டுப் பாசன நீர்க் கையேடு இதையே 0.408 என்ற காரணியாகத் தருகிறது: மெகாஜூலை அதால் பெருக்கினால் மில்லிமீட்டர். மேலே சொன்ன 18 மெகாஜூல் முழுவதும் ஓர் ஏரியின் தண்ணீரை ஆவியாக்கவே செலவானால் நாளுக்கு 7.3 மில்லிமீட்டர் இறங்கும். நடப்பில் குறைவாகத்தான் இறங்கும்; ஒரு பங்கு வெயில் தெறித்துப் போகிறது, ஒரு பங்கு இரவில் வானுக்கே திரும்புகிறது. பாசனப் பொறியாளருக்கு வாட்டைவிட மில்லிமீட்டர்தான் வசதி. மழையையும் அதே அளவில் கழித்துக் கூட்டிவிடலாம். இந்த அலகை ஒழிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன்.

வெயிலை விட்டுத் தரைக்கு அடியில் போனால் எண்கள் நசுங்கிப்போகும். பாறையின் வெப்பநிலை ஆழத்தோடு எவ்வளவு ஏறுகிறது, பாறை எவ்வளவு கடத்துகிறது என்ற இரண்டையும் அளந்து பெருக்கினால் பூமியின் வெப்பப் பாய்வு கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் எட்வர்ட் புல்லார்டு 1939இல் இதை முறையாகச் செய்து காட்டினார். பழைய கட்டுரை ஒன்றில் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: கடத்தும் திறன் 0.006 கலோரி, சென்டிமீட்டர், வினாடி அலகில். வெப்பநிலை ஏற்றம் கிலோமீட்டருக்கு 25 பாகை. பெருக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்கு ஒன்றரை மைக்ரோகலோரி. இந்த மைக்ரோகலோரிக்கே வெப்பப் பாய்வு அலகு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள் புவி இயற்பியலார். அது சதுர மீட்டருக்கு 41.84 மில்லிவாட், ஆக இங்கே விடை 63 மில்லிவாட். எண்கள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் அருகே நிற்பதால் பேச வசதி. கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டரைத் தாண்டி இறங்கியபோது பாறையின் சூடு 60 பாகை செல்சியஸைக் கடந்திருந்தது. தொழிலாளிகளுக்கு அது நரகம். ஆனால் அந்த ஆழத்துக்கு அது குறைவான சூடு. பழைய, குளிர்ந்த நிலத்தட்டின் மேல் இருப்பதால்தான் அவ்வளவு ஆழம் இறங்கவே முடிந்தது.

உலகம் முழுவதற்குமான சராசரி சதுர மீட்டருக்கு 90 மில்லிவாட்டை ஒட்டி. வெயிலின் 340 வாட்டோடு ஒப்பிட்டால் நாலாயிரத்தில் ஒரு பங்கு. எரிமலைகளால்தான் பூமி சூடாகிறது என்று வாட்ஸ்அப்பில் வரும் வாதங்களுக்கு இந்த ஒரு வகுத்தல் போதும்.

மறுமுனையில் சூரியனின் மேற்பரப்பு: சதுர மீட்டருக்கு 6.3 கோடி வாட். அணுப்பிணைவு உலையின் அடித்தட்டு தொடர்ந்து தாங்க வேண்டியது ஒரு கோடி வாட். இடையில், மின்வாரிய ஊழியர்கள் துணை மின்நிலையத்தில் அணியும் மின்பொறி காப்பு உடையில் மட்டும் கலோரி இன்னும் அச்சடித்தே வருகிறது: சதுர சென்டிமீட்டருக்கு 8 கலோரி, 40 கலோரி என்று. வெறும் தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கும் வரம்பு 1.2 கலோரி, அதாவது சதுர மீட்டருக்கு 50 கிலோஜூல். உச்சி வெயில் இதே 50 கிலோஜூலை 50 வினாடியில் தந்துவிடும். யாருக்கும் கொப்புளம் வருவதில்லை. மின்பொறி அதைப் பத்தில் ஒரு வினாடியில் தருகிறது. அப்போது பாய அடர்த்தி 500 கிலோவாட். தோலுக்கு வெப்பத்தைக் கடத்திவிட நேரம் கிடைக்காததுதான் காயம். கால அளவைச் சொல்லாமல் கலோரியை மட்டும் ஒப்பிட்டால் வெயிலும் மின்பொறியும் ஒன்றாகிவிடும்.

இன்று உலகம் அதிகம் பேசும் வெப்பப் பாய அடர்த்தி ஒரு வாட்டைக்கூட எட்டவில்லை. பூமிக்குள் வரும் வெப்பத்துக்கும் வெளியே போகும் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு 2010க்கும் 2018க்கும் இடையே சராசரியாகச் சதுர மீட்டருக்கு 0.87 வாட் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. செயற்கைக்கோள்கள் வரவையும் செலவையும் தனித்தனியே அளந்து கழித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 340இல் அவற்றின் பிழையே இதைவிடப் பெரிது. மாற்றத்தைக் காட்டுவதில் அவை கெட்டி. மட்டத்தைச் சொல்வது கடல். ஆர்கோ மிதவைகள் கடல்நீரின் வெப்பநிலையை இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை அளக்கின்றன. அதிலிருந்து ஓராண்டில் கடல் எத்தனை ஜூல் விழுங்கியது என்று கணக்கிட்டு, பரப்பாலும் ஓராண்டின் வினாடிகளாலும் வகுக்கிறார்கள்.

எந்தப் பரப்பால்? கடல் ஓராண்டில் பத்து செட்டாஜூல், அதாவது ஒன்றுக்குப் பின் 22 சுழியம் போட்ட அத்தனை ஜூல் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கடலின் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 0.88 வாட். பூமி முழுவதன் பரப்பால் வகுத்தால் 0.62. இரண்டு வழக்கமும் ஆய்வுக் கட்டுரைகளில் உண்டு. இரண்டுக்கும் அலகு ஒன்றே. எந்தப் பரப்பு என்ற குறிப்பு பல சமயம் படத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு கட்டுரையின் 0.88ஐயும் இன்னொன்றின் 0.62ஐயும் எடுத்து, பூமி சூடேறும் வேகம் முப்பது சதவீதம் குறைந்துவிட்டது என்று எழுத ஒரு செய்தியாளருக்குப் பத்து நிமிடம் போதும்.